லாரிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடிய பிள்ளைக்கு

கண்ணு, மாமன் எழுதுகிறேன். தபாலைப் பார்த்ததும் பயந்துவிடாதே, எனக்கும் உன் அத்தைக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. எனக்குச் சர்க்கரை கொஞ்சம் இருக்கிறது, அது என் காலத்தில் லாரி ஓட்டின எல்லாருக்கும் இருக்கிறது. போனில் சொல்லாமல் எதற்கு எழுதுகிறான் என்று நினைப்பாய். போனை எடுத்தால் என் வாய் எனக்கு முன்னால் ஓடும், அது உனக்கே தெரியும். எழுதுவது அப்படியில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டதால் ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி நிறுத்தித்தான் போட வேண்டியிருக்கிறது. ஒரு பொய்யை எழுதி முடிப்பதற்குள் கை வலித்துவிடுகிறது. அதனால் பேச்சைவிட இதில் பொய் குறைவாக இருக்கும் என்று நம்பிப் படி. இதை ஒளித்துவைத்துப் படிக்கவும் வேண்டாம். உன் பெண்டாட்டிக்கும் தங்கச்சிக்கும் சத்தமாகவே படித்துக் காட்டு. உன் கதையை நான் ஒளிவுமறைவாகச் சொன்னதில்லை. கல்யாணப் பந்தியிலும் காதுகுத்திலும் மைக் கிடைத்த இடத்திலெல்லாம் சொன்னேன். அதைத் திருத்துவதும் எல்லாருக்கும் கேட்கட்டும்.

போன வாரம் நீ ஓசூரிலிருந்து போன் பண்ணினாயே, அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை உன்னால் அளந்து பார்க்க முடியாது. "மாமா, அவ மறுபடியும் மாசமா இருக்கறாளுங்க. பாப்பா இன்னும் பால் குடிச்சிக்கிட்டு இருக்குது. பால் மறக்கடிக்கணும். உங்க வூட்டுல கொஞ்ச நாள் வுட்டா அத்தை பாத்துக்குவாங்க இல்ல?" என்றாய். டாக்டரம்மா பால் கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார், உன் பெண்டாட்டியும் அப்படியே நினைக்கிறாள் என்று நடுவில் ஒரு வார்த்தை சொன்னாய். நான் அதைக் காதில் வாங்கவில்லை. "அவங்க அப்படித்தாங்க மாமா சொல்லுவாங்க. நானும் அப்படி வந்தவன்தானே, என்ன குறைஞ்சி போயிட்டேன்?" என்று நீ சொன்னது மட்டும்தான் கேட்டது. "இதெல்லாம் கேக்கணுமாடா? இன்னிக்கே கொண்டா" என்றேன். போனை வைத்த கையோடு டீக்கடைக்குப் போய், என் மருமகனை ஆளாக்கின மாதிரியே அவன் மகளையும் ஆளாக்கிக் காட்டப் போகிறேன் என்று எல்லாருக்கும் டீ சொன்னேன். சாயங்காலமே உத்திரத்தில் தூளி கட்டினேன். உன் அத்தை பழைய பருத்திச் சேலையாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். ஆனால் நான் கட்டுவதைப் பார்க்க நிற்காமல் உள்ளே போய்விட்டாள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் உன் பெண்டாட்டி கூப்பிட்டாள். உனக்குத் தெரியுமோ தெரியாதோ. அவளைத் திட்டாதே. "சாப்பிட்டீங்களா மாமா?" என்றாள். "ஆச்சும்மா" என்றேன். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுங்க. இவரை உங்க வூட்டுல கொண்டாந்து வுட்டப்ப இவர் அழவே இல்லையாமே. லாரில தானா ஏறி உக்காந்துக்கிட்டாராமே. நெசமாங்க மாமா?" என்றாள். சண்டைக்குக் கேட்கிற குரல் இல்லை அது. நான் ஆமாம் என்று சொன்னால் பிள்ளையை மடியிலிருந்து இறக்கிக் கொடுத்துவிடலாம் என்று, அதற்குத் தைரியம் தேடுகிற குரல். யார் கேட்டாலும் அந்தக் கதையைச் சொல்ல எனக்கு மூச்சு வாங்க வேண்டியதில்லை. அன்றைக்கு மட்டும், "சிக்னல் கெடைக்கலம்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். செல்போன் டவர் எங்கள் வீட்டுக்கு எதிரேதான் நிற்கிறது என்பது உனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அந்தக் கதையை நான் எப்படிச் சொல்வேன் என்று நினைத்துப் பார். ஒன்றரை வயசுப் பயல், அம்மாவுக்கு வயிறு பெரிசாவதைப் பார்த்தான், இனி இங்கே நமக்கு இடமில்லை என்று புரிந்துகொண்டான், வாசலில் நின்ற மாமன் லாரியில் தானே ஏறினான். முதலில் இவ்வளவுதான் இருந்தது. உன் மொட்டைக்குச் சொன்னபோது கையில் ஒரு துணி மூட்டையைச் சேர்த்தேன். உன் தங்கச்சி சடங்குக்குச் சொன்னபோது நீ கிளீனரைப் பார்த்து நகர்ந்து உட்காரச் சொன்னாய். உன் கல்யாணத்தில் சொன்னபோது நீ ஹாரன் அடித்தே வண்டியைக் கிளப்பச் சொன்னாய், பந்தியே சிரித்தது. உன் அம்மா மட்டும் இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தாள். தெளித்த இலையிலேயே திரும்பவும் தெளித்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த பந்திக்கும் அதையே சொன்னேன்.

நடந்தது வேறு. அப்போது நான் புளி லோடு ஏற்றிக்கொண்டு அரூர் பக்கம் அடிக்கடி வருவேன். தீர்த்தமலையைத் தாண்டி உங்கள் ஊர் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு உன் அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் போவேன். அன்றைக்கு வந்தபோது அவள் வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். நீ அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்று, அவள் நிமிர்ந்ததும் மாராப்பை இழுத்தாய். உங்கள் அப்பா வீட்டில் எல்லாரும் ஒரே பேச்சாக இருந்தார்கள். மாசமாக இருக்கிறவள் பால் கொடுத்தால் அதைக் குடிக்கிற பிள்ளைக்கு வயிறு கெடும், தேறாது, உள்ளே இருக்கிறதுக்கும் சத்து சேராது என்றார்கள். வேப்பிலையை அரைத்துத் தடவிப் பார்த்திருக்கிறார்கள். நீ ஒரு வாய் வைத்து, மூஞ்சியைச் சுளித்து, அவள் முந்தானையாலேயே துடைத்துவிட்டு மறுபடியும் குடித்தாயாம். இதைச் சொல்லும்போது உன் அம்மா சிரித்தாள். அந்த முகம் எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது, வெளுத்துப் போயிருந்தாலும் பெருமையாகச் சிரித்தாள். "இன்னும் கொஞ்ச நாள் குடிக்கட்டுங்கண்ணா. பாலு கம்மியாயிக்கிட்டுத்தான் இருக்குது. அவனா வுட்ருவான்" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஊரே கூடி ஒன்று பேசும்போது அதில் என் பேச்சு மேலே நிற்க வேண்டும் எனக்கு. "உனக்கு என்னம்மா தெரியும்? நான் டெல்லி வரைக்கும் பாத்தவன்" என்று ஆரம்பித்தேன். டெல்லிக்காரர் ஒரு பெரிய டாக்டர் ஆக்ராவில் கார் கெட்டுப்போய் என் லாரியில் ஏறினார், டெல்லி வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார், மாசமாக இருக்கிறவள் பால் கொடுத்தால் இரண்டு உயிருக்கும் ஆகாது என்று அவரே சொன்னார் என்றேன். எனக்கு இந்தி அவ்வளவு வராது, அவருக்குத் தமிழ் வராது, நாங்கள் எந்தப் பாஷையில் பேசினோம் என்று யாராவது கேட்டிருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. அப்படி ஒரு டாக்டர் இல்லை, கண்ணு. என் லாரியில் டாக்டர் யாரும் ஏறினதில்லை. உன் அப்பா வீட்டார் எத்தனை நாள் சொல்லியும் கேட்காத உன் அம்மா, அண்ணன் உலகம் பார்த்தவன் என்று நம்பி அந்த டாக்டருக்குப் பயந்தாள். "அப்பிடின்னா என்ன பண்றதுங்கண்ணா?" என்றாள். நான்தான் சொன்னேன், மாமன் வீட்டுக்கு அனுப்பினால் பால் மறந்துவிடும், நம் பக்கத்தில் எல்லாரும் பண்ணுகிறதுதானே என்று.

நீ லாரியில் ஏறவில்லை. நான் தூக்கினேன். உன் அம்மா சேலையை ஒரு கையில் பிடித்துக்கொண்டிருந்தாய். ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு அவ்வளவு பிடி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. விரலை ஒன்றொன்றாகப் பிரித்தேன். ஒன்றைப் பிரித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் முதல் விரல் திரும்பப் போய்ப் பிடித்துக்கொண்டது. உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றால் இன்னும் அழுவாய் என்று அவளை உள்ளே போகச் சொல்லி, உன் அப்பாவைக் கதவைச் சாத்தச் சொன்னதும் நான்தான். நீ மூட்டை எடுக்கவில்லை, ஹாரன் அடிக்கவில்லை. அரூர் தாண்டுகிற வரைக்கும் கதறினாய். அப்புறம் கிளீனர் மடியில் தூங்கிப்போனாய். கையை மூடியே வைத்திருந்தாய்.

எங்கள் வீடு அப்போதும் தொப்பூரில் ரோட்டோரத்தில்தான் இருந்தது. கணவாய் இறங்குகிற வண்டிகள் எல்லாம் வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டேதான் வரும். நம் வீட்டுப் பாத்திரமெல்லாம் அதில் அதிரும், நமக்குப் பழகிப்போய்விட்டது. உனக்கு அது புதுசு. ஒவ்வொரு ஹாரனுக்கும் நீ வாசலுக்கு ஓடினாய். சோறு ஊட்டிக்கொண்டிருந்தாலும் வாயில் கவளத்தோடு எழுந்து ஓடுவாய். வாசற்படியைப் பிடித்துக்கொண்டு, போகிற லாரியைப் பார்த்துக் கையை நீட்டுவாய். அது போனதும் திரும்பி உன் அத்தை முகத்தைப் பார்ப்பாய். அந்த ரோட்டில் லாரிக்கா பஞ்சம்? நாள் பூராவும் ஓடினாய். டீக்கடையில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பயலுக்கு லாரின்னா உசுரு. என் ரத்தம் அப்படியே எறங்கியிருக்குது. ஸ்டியரிங் புடிக்கத்தான் பொறந்திருக்கறான்" என்றேன். போகும்போதெல்லாம் மரலாரி, பிளாஸ்டிக் லாரி என்று வாங்கிவந்து உன் முன்னால் வைத்தேன். நீ ஒன்றையும் தொடவில்லை. லாரியில் கொண்டுவந்தவர்கள் லாரியில் திருப்பிக் கொண்டுபோவார்கள் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான். இது எனக்கு அப்போது புரியவில்லை என்று எழுத நினைத்தேன். எழுதிவிட்டு அடித்துவிட்டேன். மேலே மை அடித்திருக்கிற இடம் அதுதான். எனக்குப் புரிந்தது. உன் அத்தை அன்றைக்கே சொன்னாள். "புள்ள லாரி பாக்க ஓடலைங்க. அம்மாகிட்ட போவ ஓடறான். பேசாம கொண்டு போயி வுட்டுட்டு வந்துருங்க, பாவம்" என்றாள். "அப்பறம் அந்த டாக்டர் சொன்னது?" என்றேன். என் டாக்டரை நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன் பார்.

உன் அத்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதை இந்த வீட்டில் யாரும் பேசினதில்லை, பேசாமலே எல்லாருக்கும் தெரியும். முதலில் உன்னைத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னவள் அவள். அப்புறம் ஒரு நாள் நீ அவள் தோளில் முகத்தை வைத்துத் தூங்கினாய். ஹாரன் கேட்டும் எழவில்லை. அன்றையிலிருந்து அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அதை அவள் தப்பு என்று நான் எழுத மாட்டேன். தண்ணீர் இல்லாத இடத்தில் நிற்கிறவளிடம் குடத்தைக் கொடுத்துவிட்டுக் குடிக்காதே என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? கொடுத்தவன் நான்.

உன் தங்கச்சி பிறந்து, கழுத்து நின்ற பிறகு உன் அம்மா உன்னை அழைத்துப்போக வந்தாள். பஸ்ஸில் கைக்குழந்தையோடு அவ்வளவு தூரம். பையில் உனக்கு இரண்டு சட்டை கொண்டுவந்திருந்தாள். நீ உன் அத்தை சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாய். "வா சாமி" என்று கையை நீட்டினாள். நீ எட்டிப் பார்த்தாய், வரவில்லை. சட்டையை உன் முதுகில் வைத்துப் பார்த்தாள், சின்னதாகப் போயிருந்தது. "சரி, இது பாப்பாவுக்கு ஆவும்" என்று மடித்துத் திரும்பப் பையிலேயே வைத்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "ரொம்ப அழுதானாண்ணா?" என்று கேட்டாள்.

இந்த இடத்தில்தான், கண்ணு. அழுதான் என்று நான் சொல்லியிருந்தால் அவள் உன்னை அன்றைக்கே இடுப்பில் தூக்கிக்கொண்டு போயிருப்பாள். நீ கொஞ்ச நேரம் திமிறியிருப்பாய், பஸ் தர்மபுரி தாண்டுவதற்குள் அந்த வாசனை உனக்கு ஞாபகம் வந்திருக்கும். நான் சிரித்துக்கொண்டே, "அழுவறதா? ஒரு நாளு அழுதான்னு சொல்லு, என் மீசைய எடுத்துக்கறேன். லாரில தானா ஏறி உக்காந்தவன் அவன். உன்னையக் கேக்கவே இல்ல" என்றேன். அவள் மனசு லேசாகட்டும் என்றுதான் சொன்னேன் என்று இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் நிஜம் இருக்கலாம். நீ எங்களோடு இருக்க வேண்டும் என்று நினைத்தேன், மீதி அதுதான். அவள் திரும்பிக்கொண்டு, கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிற மாதிரி மாராப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். உன்னைப் பார்த்ததும் ரவிக்கை நனைந்திருந்தது, குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "அப்ப இங்கியே இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கறான்" என்று சொல்லிவிட்டு மதிய பஸ்ஸுக்கே போய்விட்டாள்.

அதற்கப்புறம் நடந்தது உனக்கே தெரியும். உன்னை நாங்கள் குறையாகவா வளர்த்தோம்? இல்லை. இந்தத் தாலுக்காவில் உன்னைப் போல வளர்ந்த பிள்ளையைக் காட்டச் சொல், நான் ஒத்துக்கொள்கிறேன். தொப்பூர் கணவாயில் பிரேக் போன வண்டியை மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினவன் நான், அந்தக் கதையையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன், ஆனால் பிரேக் போனது நிஜம். மண்மேட்டில் வண்டி மோதுகிற அந்த நேரத்தில் நான் நினைத்தது உன்னை மட்டும்தான், அதுவும் நிஜம். உன்னைப் படிக்கவைத்ததும் இன்றைக்கு நீ ஓசூரில் லாரி செய்கிற கம்பெனியில் இன்ஜினியராக இருப்பதும் எனக்குக் கிடைத்த பட்டம். அதிலெல்லாம் எனக்கு வருத்தமில்லை. என் வருத்தம் வேறே ஒன்று. நீ உன் அம்மா வீட்டுக்குப் போனால் அவள் உனக்கு நாற்காலி போடுகிறாள். டம்ளரைக் கழுவினது போதாது என்று இன்னொரு தடவை கழுவிக் காபி கொடுக்கிறாள். உன் தங்கச்சியை, "ஏய் எருமை, எந்திரிச்சி அந்தக் கொடத்தை எடு" என்று ஏசுகிறாள். உன்னை அவள் ஒரு நாளும் ஏசினதில்லை. சின்ன வயசில் நீயே என்னைக் கேட்டாய், "ஏன் மாமா, அம்மா என்னைய மட்டும் திட்டறதே இல்ல?" என்று. "மாமன் வூட்டுப் புள்ளையாச்சே, பயம் இருக்காதா?" என்று மீசையை முறுக்கினேன். தன்னைத் தேடவே இல்லாத பிள்ளையைத் திட்ட எந்தத் தாய்க்கு வாய் வரும்? அந்த உரிமையை நான் அவளிடமிருந்து பிடுங்கிவிட்டேன்.

உன் பெண்டாட்டி போன் பண்ணின மறுநாள் நான் கிளம்பி, அரூரில் பஸ் மாறி, உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். உன் அத்தை, "என்னத்தையாச்சும் சேத்துச் சொல்லாம வாங்க" என்று சொல்லித்தான் அனுப்பினாள். உன் அம்மா களத்தில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். "என்னங்கண்ணா, திடுதிப்புன்னு?" என்றாள். உன் போனையும் தூளி கட்டினதையும் சொன்னேன். அப்புறம் டாக்டர் யாரும் இல்லை என்று சொன்னேன். அவள் தட்டுகிறதை நிறுத்தவில்லை. "பையன் அழுதாம்மா. எல்லா நாளும் அழுதான். லாரிச் சத்தம் கேட்டா உன்கிட்ட வர்றதுக்கு வாசலுக்கு ஓடுவான்" என்றேன். கை நின்றது. என்னை அடிக்க வந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்ன சொல்லி அழுதான்?"

இங்கே எனக்கு எத்தனை வார்த்தை வேண்டுமானாலும் வரும், கண்ணு. 'அம்மா, அம்மா' என்று அழுதான் என்றால் அவள் நம்பியிருப்பாள், அவளுக்குப் பிடித்தும் இருக்கும். ஆனால் நீ அப்படி அழவில்லை. வாசற்படியைப் பிடித்துக்கொண்டு, உன் அத்தையைத் திரும்பிப் பார்த்து, நீ சொன்னது ஒரே வார்த்தைதான். அதையே சொன்னேன். "போலாம், போலாம்னு அழுதாம்மா" என்றேன். உன் அம்மா கொஞ்ச நேரம் புளியங்கொட்டையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம், "போலாம்னா?" என்றாள். "இங்க இருந்தப்ப அவனுக்கு அந்தப் பேச்சு வராதேண்ணா. பாச்சி, ம்மா, காக்கா, அவ்வளவுதானே வரும். போலாம்னு எப்பக் கத்துக்கிட்டான்?" என்றாள். எங்கள் வீட்டில் கற்றுக்கொண்டாய். எங்கள் வீட்டை விட்டுப் போவதற்காகக் கற்றுக்கொண்டாய். அந்த வார்த்தை உன் வாயிலிருந்து வந்ததை உன் அம்மா ஒரு தடவைகூடக் காதால் கேட்கவே இல்லை.

அதனால் சொல்கிறேன், பாப்பாவை அனுப்பாதே. டாக்டரம்மா உன் பெண்டாட்டியைப் பரிசோதித்துவிட்டு ஒன்றும் தடையில்லை என்று சொல்லியிருந்தால் அவள் கொடுக்கட்டும். வயிறு வலித்தாலோ உதிரம் பட்டாலோ என்னைக் கேட்காதே, ஊரைக் கேட்காதே, நேராக அந்த அம்மாவிடம் போ. மாசம் ஏற ஏறப் பால் குறையும், ருசி மாறும், பாப்பா தானாக விட்டாலும் விடும், விடாமல் அடம் பிடித்தாலும் பிடிக்கும். உன் பெண்டாட்டிக்கு வலித்து, முடியவில்லை, நிறுத்துகிறேன் என்று அவளே சொன்னால் அதுவும் சரி. ஆனால் மெதுவாக, அவள் வீட்டில், அவள் மடியில் உட்கார்ந்துகொண்டே பிள்ளை மறக்கட்டும். பால் இல்லாவிட்டால் போகிறது, மடி இருக்க வேண்டும். அவள் மூன்று பேருக்கு இரை போடுகிறவள் என்பதை மனசில் வைத்துக்கொண்டு நீ சமையலறைப் பக்கம் போ. கேழ்வரகுக் களி கிண்டக் கற்றுக்கொள், கையில் கொப்புளம் வரும், ஒன்றும் செத்துவிட மாட்டாய். நான் கிண்டும் களிக்கு ஆந்திராக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா, எனக்குக் களி கிண்டவே தெரியாது. அதையும் திருத்திக்கொள்.

தூளியை அவிழ்த்துவிட்டேன். உன் அத்தை சேலையை மடித்துத் திரும்பப் பெட்டியில் வைத்தாள், மடிக்கும்போது அழுதாள், நான் அதைப் பார்க்காத மாதிரி வெளியே போய்விட்டேன். டீக்கடையில் பாப்பா எப்போது வருகிறாள் என்று கேட்டார்கள். வரமாட்டாள், அவள் அம்மாவிடம் இருக்கிறாள் என்று சொன்னேன். இவ்வளவு சின்னப் பதிலை நான் சொல்லி அவர்கள் கேட்டதில்லை, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள்.

தோது கிடைக்கும்போது நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து வாருங்கள். ஆனால் முதலில் தொப்பூருக்கு வராதே. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நேராகத் தீர்த்தமலை பக்கம், உன் அம்மா வீட்டுக்குப் போ. அவள் நாற்காலி போடுவாள், உட்காராதே. அடுப்படியில் போய்த் தரையில் உட்கார். செருப்போடு உள்ளே போ, கழுவின டம்ளரை எடுத்துக் கீழே தள்ளு, காயவைத்த புளியை மிதி, எதையாவது பண்ணு. அவள் வாயால் ஒரு திட்டு வாங்கிக்கொள். வாங்கின பிறகு எங்கள் வீட்டுக்கு வா. என்ன சொல்லித் திட்டினாள் என்று எனக்குச் சொல். ஒரு வார்த்தைகூடக் கூட்டாமல் அப்படியே உன் அத்தையிடம் சொல்கிறேன்.

உன்னை லாரியில் தூக்கி ஏற்றின,
உன் மாமன்